கொறங்காட்டுச் சாளையச் சுத்தி மாசாமாசம் என்ன வருது, என்ன பூக்குதுன்னு எழுதி வைக்கணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கிளுவைவேலி:

எல்லாத்துக்கும் வணக்கம்ங்க. எங்க தோட்டம் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் எடையில இருக்குதுங்க. பாசனம்னு பெருசா கெடையாது, ஒரு கெணறு, அதச் சுத்திக் கொஞ்சம் தென்னை, ரெண்டு மாமரம், மத்ததெல்லாம் மானாவாரிக் கொறங்காடுதான். நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ள வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, அதுல எங்க மாடும் செம்மறியும் மேயுது. இத்தன வருசம் திருப்பூர்ல இருந்துட்டு இப்ப சாளைக்கே, அதான் தோட்டத்து வீட்டுக்கே, குடி வந்துட்டோம்ங்க. திருப்பூர்ல இருக்கறப்ப பறவை பாக்கணும்னா நஞ்சராயன் குளத்துக்கு வண்டியெடுத்துட்டுப் போவோம், இங்க திண்ணைல உக்காந்தாலே ஏதாச்சும் ஒன்னு வந்துட்டே இருக்குது, ஆனா அது என்னன்னுதான் பாதிக்குப் பேரு தெரியல.

மூனு விசயம் கேக்கணும்ங்க. ஒன்னு, இந்த ஐப்பசில இருந்து கெணத்துமேட்டு மாமரத்தடில ஒரு குருவி இருக்குது, மைனாவ விடச் சின்னது, வாலே இல்லாத மாதிரி குட்டையா, முதுகு பச்சை, றெக்கைல பளிச்சுன்னு நீலம், வாலுக்கடியில செவப்பு, கண்ணுல மை தீட்டுன மாதிரி கருப்புக் கோடு. பகல்ல ஆளே தெரியாது, விடியறப்பவும் பொழுது சாயறப்பவும் ரெண்டு சுருதில விசில் அடிக்குது. ரெண்டாவது, நல்ல மழை பேஞ்சு வெயில் அடிச்ச ஒரு காலைல கருநீலத்துல கோடு போட்ட பட்டாம்பூச்சி கூட்டங்கூட்டமா வேலியத் தாண்டிப் போய்ட்டே இருந்துச்சு, எல்லாமே மேற்க பாத்துத்தான் போச்சு, ஒன்னு கூடக் கிழக்க திரும்பல. எதுக்குங்க அப்படிப் போகுது? மூனாவது, ஏழாவது படிக்கற எம்பொண்ணு இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதணும்னு நிக்கறா. தேதி போட்டு எழுதுனாப் போதுமா, வேற என்னத்தையெல்லாம் குறிக்கணும்? இந்தக் காட்டுல எந்த மாசம் எதைக் கவனிக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. புஸ்தகத்துல இருக்கற பொதுவான லிஸ்ட் வேண்டாம்ங்க, வறக்காட்டு ஊர்க்காரங்க சொன்னா உபயோகமா இருக்கும்.


பனங்காட்டான்:

அந்தக் குருவி ஆறுமணிக்குருவிங்க. சந்தேகமே வேண்டாம், நீங்க சொன்ன அடையாளம் வேற எதுக்கும் பொருந்தாது. காலைல ஆறு மணி வாக்குல ஒரு தரம், சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒரு தரம் கத்தறதாலதான் அந்தப் பேரு. நம்மூர்க் குருவி கெடையாது, இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாக் காடுகள்லயும் வெயில் கால முடிவுல இருந்து மழைக்காலம் வரைக்கும் குஞ்சு பொரிச்சுட்டு, புரட்டாசி ஐப்பசில தெக்க வரும், பாதி இங்கயே நின்னுரும் மீதி இலங்கை வரைக்கும் போகும், சித்திரை வாக்குல திரும்பிரும். ராத்திரிலதான் பறந்து வரும். அதனால வந்து எறங்கற சமயத்துல களைச்சுப் போயி வீட்டுக்குள்ள பூந்துரும், கெணத்து மேட்டுல கெடக்கும், பஸ் ஸ்டாண்டுல கூட எடுத்திருக்காங்க. அப்படி எங்கயாச்சும் கெடந்துச்சுன்னா தண்ணிய வாயில ஊத்தாதீங்க, ஒரு அட்டைப்பெட்டில காத்துக்கு ஓட்டை போட்டு இருட்டா அமைதியா வெச்சிருந்து பொழுது சாயறப்ப மரத்தடில தெறந்து விட்டா அதுவாப் போயிரும். காயம் இருந்தா மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்க.

அது உங்க மாமரத்தடிய ஏன் புடிச்சுதுன்னா அங்க இருக்கற சருகுதாங்க காரணம். தரைல தத்தித் தத்திப் போயி அலகால சருகப் பொரட்டிப் போட்டு அடில இருக்கற புழு பூச்சியத் திங்கும். உங்க வறக்காட்டுல அப்படி ஈரமும் நெழலும் சருகும் ஒரே எடத்துல கெடைக்கறது கெணத்துமேடு ஒன்னுதான். அதனால அந்த மரத்தடிய மட்டுமாவது பங்குனி முடியற வரைக்கும் கூட்டித் தீ வைக்காம விட்டுருங்க. இன்னொன்னு கண்டிப்பாச் சொல்லணும், ஃபோட்டோ எடுக்கறதுக்காக செல்ஃபோன்ல அதோட சத்தத்தப் போட்டுக் காட்டி வெளிய வரவைக்கறவங்க இருக்காங்க, அது அடுத்தவன் எடத்துக்கு வந்துட்டான்னு நெனச்சுத் திங்கறத விட்டுட்டுச் சுத்திச் சுத்தி வரும், தயவுசெஞ்சு அந்த வேலை மட்டும் பாப்பாவுக்கு யாரும் சொல்லிக் குடுத்துடாதீங்க.

இதே சமயத்துல வர்ற மத்த விருந்தாளிகளையும் சொல்லிடறேன். பழுப்புக் கீச்சான், வேலி மேல தனியா உக்காந்து கரகரன்னு கத்தும், ஒரு எடத்தப் புடிச்சா பனிக்காலம் பூரா அந்த எடத்த விடாது, போன வருசம் உக்காந்த அதே பக்கத்துக்கே மறுபடி வர்றதும் உண்டு, அதனால எந்த மரம்னு சேத்து எழுதச் சொல்லுங்க. கரண்டு கம்பில வரிசையா தகைவிலான். மாமரத்துல மாங்குயில், மஞ்சக் கலர்ல இருக்கும், சட்டுனு கண்ணுக்குப் படும். சோளம் கதிர் புடிச்ச காட்டுல சூறைக்குருவிக் கூட்டம், ரோசும் கருப்புமா மைனா சைஸ்ல இருக்கும், மத்திய ஆசியாவுல இருந்து வர்றது, சோளத்தையும் திங்கும் ஆனா வெட்டுக்கிளியையும் அள்ளித் திங்கும். அப்பறம் உங்க கொறங்காட்டுக்குன்னே வர்ற ஆள் ஒருத்தர் இருக்காரு, பூனைப்பருந்து. புல்லுக்கு ஆள் ஒசரம் மேல றெக்கைய லேசா மேல தூக்கி வெச்சு மெதுவா மெதந்துட்டே வரும், மரத்துல தங்காது, ராத்திரி புல்லுக்குள்ள தரைலதான் படுக்கும். கஜகஸ்தான் பக்கத்துல இருந்து அவ்ளோ தூரம் வந்து படுக்க எடம் தேடறப்ப புல்லுக்காடெல்லாம் சைட்டு போட்டு வித்துருந்தா அது எங்க போகும் சொல்லுங்க. உங்க காட்டுல ஒரு மூலைல புல்ல மேய விடாம கொஞ்சம் ஒசரமா விட முடிஞ்சா விடுங்க.


பூச்சிப்பிரியை:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன் அக்கா. நீங்க பாத்தது நீல வரியன், கூட கருநீல வரியனும் கருப்பன் பட்டாம்பூச்சிகளும் கலந்து போயிருக்கும். அது வலசை. சித்திரை வைகாசில, மேற்குத்தொடர்ச்சி மலைல தென்மேற்கு மழை கொட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அங்கிருந்து கிளம்பி கிழக்கால சமவெளிக்கும் சேர்வராயன் கொல்லிமலைப் பக்கத்துக்கும் வரும், வந்த எடத்துல முட்டை வெச்சுப் பெருகும், அப்பறம் புரட்டாசி ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு மழை தொடங்கற சமயத்துல அடுத்த தலைமுறை மேற்க மலைக்குத் திரும்பும். மலைய ஒரு தரம் கூடப் பாத்திராத பூச்சிங்க அது, எந்தத் திக்குல போகணும்னு அதுக்கு எப்படித் தெரியுதுன்னு நெனச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியம் அடங்கல. கோயமுத்தூர்ல இருக்கற நேச்சர் அண்ட் பட்டர்ஃப்ளை சொசைட்டிக்காரங்க இந்த வலசையக் கவனிச்சுட்டு வர்றாங்க, உங்க ஊர்ல இருந்தெல்லாம் தகவல் போறது கம்மி, நீங்க எழுதறது நெசமாவே உபயோகப்படும். எழுதறப்ப மூனு விசயம் முக்கியம்: எந்தத் திக்குல இருந்து எந்தத் திக்குக்குப் போச்சு, எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும், ஒரு எடத்துல நின்னு அஞ்சு நிமிசத்துல உங்களத் தாண்டிப் போனது எத்தன. அந்த அஞ்சு நிமிசக் கணக்க பாப்பாவே அழகா எடுத்துரலாம்.

அதுங்கள எறக்கி உக்கார வெச்சுப் பாக்கணும்னா வேலியோரம் கிலுகிலுப்பைச் செடியையும் தேள்கொடுக்கையும் புடுங்காம விட்டு வைங்க. அந்தச் செடில இருக்கற ஒரு சத்து ஆண் பூச்சிங்களுக்கு வேணும், பெண்ணைக் கூப்பிடற வாசனை அதுலதான் உண்டாகுது, பறவை தின்ன முடியாத கசப்பும் அதுலதான் வருது. காஞ்ச செடி மேல கூட கூட்டமா மொச்சு உறிஞ்சிட்டு இருக்கும், பக்கத்துல போனாலும் எந்திரிக்காது. எருக்கஞ்செடி இருந்தா அடில திருப்பிப் பாருங்க, கருப்பு வெள்ளை மஞ்சள் வரி போட்ட புழு இருக்கும், அது வெந்தய வரியன். கறிவேப்பிலைல இருக்கற பச்சைப் புழுவ நசுக்காதீங்க. ஆவாரஞ்செடி பூரா எலை ஓட்டை ஓட்டையா இருந்தா மஞ்சப் பட்டாம்பூச்சி பொறக்கப் போகுதுன்னு அர்த்தம்.

தட்டான் பத்தியும் சொல்லணும். இந்த மாசம் மழைக்கு முன்னாடி பின்னாடி களத்து மேல ஒரே மாதிரி மஞ்சப்பழுப்புத் தட்டாங்க உக்காரவே உக்காராம கூட்டமாச் சுத்திட்டே இருக்கும் பாருங்க, அது தேசாந்திரித் தட்டான். மாலத்தீவுல கடல் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒருத்தர், நல்ல தண்ணிக் குளமே இல்லாத தீவுல வருசா வருசம் அக்டோபர்ல எங்கிருந்து இத்தன தட்டான் வருதுன்னு பல வருசம் தேதி குறிச்சுட்டே வந்தாரு. வேற பெரிய கருவி எதுவும் இல்ல, எந்த எடத்துல எந்தத் தேதில வந்துச்சுங்கற கணக்குதான். அதை வெச்சு இந்தியாவுல இருந்து கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு 2009ல எழுதினாரு. போயி வர்ற மொத்தச் சுத்து 14,000 கிலோமீட்டருக்கு மேல, ஒரே தட்டான் முடிக்கறதில்ல, தலைமுறை மாறி மாறி முடிக்குது. உங்க பொண்ணு நோட்டுல தேதி எழுதப் போறான்னு படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு, அவகிட்ட இதை அவசியம் சொல்லுங்க.


களத்துமேடு:

நமக்கு மூலனூர்ப் பக்கமுங்க, பக்கத்து ஊர்தான். பறவைக்கும் பூச்சிக்கும் பேரு சொல்ல நமக்குத் தெரியாது, காட்டுல எது எப்ப வரும்னு தெரியும், அதச் சொல்றேன்.

மொதல்ல ஒன்னு மனசுல வெச்சுக்குங்க, நம்ம நாட்டுல மாசத்த விட மழைதான் கணக்கு. தென்மேற்குப் பருவம்னு ரேடியோவுல சொல்லுவான், பாலக்காட்டுக் கணவாய் வழியா நமக்கு வர்றது காத்து மட்டுந்தானுங்க, மழையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே பேஞ்சு தீந்துரும். நமக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் மழை, அப்பறம் சித்திரை வைகாசில கோடை மழை ஒன்னு ரெண்டு. அதனால பாப்பாவ தேதி எழுதறப்ப கூடவே மழை பேஞ்சு எத்தனாம் நாளுன்னும் எழுதச் சொல்லுங்க. மழை அளக்க, மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கற நேர்ச்சுவர் டப்பா ஒன்ன மரமில்லாத எடத்துல வெச்சு ஸ்கேல் விட்டுப் பாத்தாப் போதும். நம்ம பெரியவங்க ஒரு உழவு மழை ரெண்டு உழவு மழைன்னு மண்ணு எவ்ளோ ஆழம் நனஞ்சிருக்குதுன்னு பாத்துத்தான் சொல்லுவாங்க, அதையும் பக்கத்துல எழுதுங்க, மில்லிமீட்டர் மட்டும் எழுதுனா மண்ணு குடிச்சுதா ஓடிப்போச்சான்னு தெரியாது.

கோடை மழை மொதத் தரம் நல்லா எறங்குச்சுன்னா மறுநா விடிகாலைல பாக்கணும். செவப்பு வெல்வெட்டுத் துணிய வெட்டிப் போட்டாப்ல பட்டுப்பூச்சி ஊர்ந்துட்டு இருக்கும், ஈசல் பொறப்படும், மொட்டையா நின்ன கிளுவைல துளிர் கண்டுரும், அத்தன நாளா ஒரு தவளை கூட இருந்த தடமில்லாத பள்ளத்துல ராத்திரி பூராத் தூங்க விடாது. ஆண் தவளைங்க எலுமிச்சம்பழ மஞ்சளுக்கு மாறி, தொண்டைக்கு ரெண்டு பக்கமும் நீலப் பை உப்பும். ரெண்டு நாள்தான் அந்தக் கூத்து, அப்பறம் பழையபடி பழுப்பாயிரும், அதனால மழை நின்ன ராத்திரியே டார்ச் எடுத்துட்டுப் போயிரணும். அந்தி ஈசல் பூத்தா அடைமழைன்னு சொல்லுவாங்க, பலிக்குதா இல்லையான்னு நோட்டுல ஒரு பக்கம் போட்டு எழுதிப் பாருங்களேன், நாலஞ்சு வருசத்துல தெரிஞ்சுரும்.

செடி கொடின்னா மாசியில வேப்பமரம் எலைய உதுத்துட்டுச் செந்துளிர் விடும், புங்கன் ஒரே வாரத்துல மொட்டையாகி மறுபடி எளம்பச்சையாயிரும். பங்குனி சித்திரைல வேப்பம்பூ, கொன்னை. கோடையில வெள்வேலங்காய் உதுரும், அதுதான் செம்மறிக்கு அந்த நாள்ல தீனி, மரத்தடில ஆடு நிக்கறத வெச்சே எந்த மரம் காய் உதுக்குதுன்னு சொல்லிரலாம். ஆனி ஆடில வேப்பம்பழம், நாவப்பழம், காக்கா மைனா குயில் எல்லாம் வேப்பமரத்துலயே கெடக்கும். ஆவணி புரட்டாசில பனம்பழம் விழும், மயில் தோகைய உதுத்துட்டு மொட்டையா திரியும். ஐப்பசி மழைக்கு வேலியெல்லாம் கோவை, முடக்கத்தான், பிரண்டை ஏறிக்கும், கண்வலிக்கிழங்கு முளைச்சுப் பூக்கும், அதான் செங்காந்தள். நம்ம மூலனூர்ப் பக்கம் அதக் காடு காடா வெதைக்காகவே போட்டிருக்கறாங்க, காய் புடிக்கணும்னு காலைல ஆள் விட்டுப் பூவுக்குப் பூ கையாலயே மகரந்தம் தொட்டு வைப்பாங்க. வேலில தானா மொளைச்சது பாக்க லட்சணமா இருக்கும் ஆனா கிழங்கு, வெதை, எலை எல்லாமே வெசம், பாப்பாவப் பறிச்சு வெளையாட விட்ராதீங்க. மார்கழி தைல ஆவாரம்பூ, பூளைப்பூ, அது ரெண்டும் வேப்பிலையும் இல்லாம நம்ம ஊர்ல பொங்கல் காப்புக்கட்டே கெடையாது.

இதெல்லாம் எங்க இருக்குதுங்க? முக்காவாசி வேலில. அதனால ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், எவனாச்சும் வந்து கிளுவைய நோண்டிட்டுக் கம்பி வேலி போடலாம்னு சொன்னா கேக்காதீங்க. ஒரு கிளுவை வேலி வளந்து அடையறதுக்கு எத்தன வருசமாகும்னு வெட்டறவனுக்குத் தெரியாது.


கிளுவைவேலி:

அண்ணா, அந்தக் கடைசி வரியப் படிச்சதும் திக்குன்னு ஆயிருச்சுங்க, ஏன்னா போன வாரந்தான் பக்கத்துத் தோட்டத்துல கிளுவைய ஜேசிபி விட்டுப் புடுங்கிட்டு கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தாங்க, எங்களுக்கும் சேத்துப் போட்டாச் செலவு கம்மின்னு கேட்டாங்க, எங்க வீட்டுக்காரரு யோசிக்கறேன்னு சொல்லி வெச்சிருக்காரு. ஆடு வெளிய போகுதுங்கறதுதான் அவரோட கவலை, வேலில அங்கங்க சந்து விழுந்திருக்குது. அதுக்கு என்ன பண்றது?

இன்னொன்னு, கெணத்துக்கு மேல சாஞ்ச ஈச்சமரத்துல தூக்கணாங்குருவிக் கூடு நெறையத் தொங்குது, அதுல பாதி வெறும் தொப்பி மாதிரி நின்னு போச்சு, ஏதாச்சும் வந்து தொந்தரவு பண்ணிருச்சோ? வடக்கால ஒரு மொட்டைப்பனையும் நிக்குது, தலை போயி வெறும் தண்டு, காத்தடிச்சா விழுந்துரும் வெட்டிரலாம்னு ஆள் வந்து கேட்டாங்க, அதையும் சொல்லுங்க.


களத்துமேடு:

சந்து விழுந்த எடத்துல கிளுவைப் போத்து, அதான் கெளைக்குச்சி, வெட்டி நட்டாப் போதுமுங்க, கோடை மழை ஈரத்துல வெச்சீங்கன்னா புடிச்சுக்கும். அது வளர்ற வரைக்கும் அந்தச் சந்துல மட்டும் வெட்டுன வேலமுள்ளப் படல் கட்டி அடைங்க. மொத்த வேலியையும் எடுக்கணும்னு அவசியமே இல்லைங்க, வீட்டுக்காரர்கிட்ட செலவுக் கணக்குப் போட்டுக் காட்டுங்க, படலும் போத்தும் கூலியோட சேத்துக் கம்பி வேலில ஒரு மூலைக்குக் கூட வராது. கௌதாரியும் முயலும் கீரியும் அந்த வேலியடிலதான் குடியிருக்குது, கம்பி போட்டா அதுக ரோட்டுக்குப் போயி வண்டில அடிபடும்.


பனங்காட்டான்:

தொப்பிக் கூடு யாரும் தொந்தரவு பண்ணி நின்னதில்லைங்க. ஆண் குருவி பாதிக் கூட்ட அந்தத் தொப்பி அளவுக்குக் கட்டி நிறுத்திட்டு அது மேல தொங்கிட்டு றெக்கைய அடிச்சுக் கூப்பிடும், பெண் வந்து உள்ள போயி இழுத்துப் பாத்துப் புடிச்சிருந்தா மட்டுந்தான் மீதியக் குழல் வெச்சு முடிக்கும். புடிக்காம விட்டுப் போனதுதான் உங்க தொப்பியெல்லாம். ஒரே ஆண் ஒரு கூட்ட முடிச்சுக் குடுத்துட்டு அடுத்தது கட்டப் போயிரும். கூட்டுக்குள்ள ஈரமண்ணு அப்பியிருக்கும், கீழ விழுந்த பழைய கூடு இருந்தா பொண்ண விட்டுப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க, தொங்கறத மட்டும் பறிக்க வேண்டாம். கூடு அலங்காரத்துக்கு வேணும்னு கேட்டு வர்றவங்களுக்கும் குடுக்காதீங்க.

மொட்டைப்பனைய வெட்டவே வெட்டாதீங்க. சாளை மேலயோ வழித்தடத்து மேலயோ சாயற மாதிரி இருந்தா வேற விசயம். தை மாசி வாக்குல கிளி அதுல பொந்து தேடும், பங்குனி சித்திரைல பனங்காடை வரும், அது வானத்துல ஒசரப் போயி குட்டிக்கரணம் அடிச்சுட்டே நீல றெக்கையக் காட்டிக் கீழ விழுந்து சேட்டை பண்ணும், பாத்தா மறக்கவே மாட்டீங்க. புள்ளி ஆந்தையும் அதே பொந்துக்குப் போட்டி போடும். இந்த மூனுமே தானா மரத்தக் கொத்திப் பொந்து பண்ணத் தெரியாததுங்க, மக்கி ஓட்டை விழுந்த மரத்த நம்பித்தான் இருக்குதுங்க. பச்சை மரம் எத்தன நட்டாலும் ஒரு மொட்டைப்பனை குடுக்கறத அது குடுக்க இன்னும் பல வருசம் ஆகும்.


வன்னிக்காடு:

நான் வவுனியாப் பக்கம். உங்கட ஆறுமணிக்குருவி இஞ்சயும் அதே பேரிலதான், ஆனா எங்களுக்கு ஐப்பசிக்குப் பிறகுதான் நல்லாக் கேக்கத் தொடங்கும், மாரி மழையோட சேந்து வரும். வளவுக்குள்ள வேலியோரம் குப்பை கூட்டி எரிக்காத வீடுகளிலதான் நிக்கும், பனங்காட்டான் அண்ணை சொன்னது முழுக்கச் சரி. உங்கட மகள் கடைசியாக் கேட்ட நாளையும் எழுதட்டும். முதல் வந்த நாள எல்லாரும் எழுதுவினம், போன நாள ஒருத்தரும் எழுதுறேல்ல, ஏனெண்டால் அண்டைக்கு அது போகப்போகுதெண்டு தெரியாதே. அதுக்கு ஒரே வழி, கேட்ட ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாறதுதான்.


மன்னார்குடி_டீச்சர்:

நோட்டு விசயத்துக்கு வர்றேங்க. எங்க ஸ்கூல் பசங்களோட இதைச் செய்றேன், வயக்காட்டு ஊரு, உங்க ஊருக்கு நேர் எதிர், ஆனா எழுதற முறை ஒன்னுதான்.

பாத்ததையெல்லாம் எழுதுன்னு சொன்னா குழந்தைங்க முதல் மாசம் பக்கம் பக்கமா எழுதிட்டு அப்புறம் விட்டுடும். அதனால மாறாத சிலத மட்டும் முடிவு பண்ணிக்கங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே நாலஞ்சு மரம், உங்க ஊர்ல வெள்வேல், வேம்பு, புங்கன், மா, கிளுவை வேலில ஒரு குறிப்பிட்ட தூரம், இதை வாரத்துல ஒரே கிழமைல பாக்கணும். துளிர், முத்தின இலை, மொட்டு, பூ, காய், பழம், ஒவ்வொன்னுக்கும் இல்ல, கொஞ்சம், நிறைய, இந்த மூனுல ஒன்னு போட்டா போதும். சீசன்வாட்ச்னு இந்தியா பூரா நடக்கற கணக்கெடுப்பு இதே முறைலதான் நடக்குது, அதுல மரத்தைப் பதிவு பண்ணி வாராவாரம் ஏத்தலாம், நிறைய ஸ்கூல் பிள்ளைங்கதான் செய்றாங்க. ஒன்னும் இல்லாத வாரத்தையும் "இல்ல"ன்னு எழுதியே ஆகணும், இதுலதான் பசங்களோட நான் தினம் மல்லுக்கட்டறேன், பூ இல்லைன்னா எழுத என்ன டீச்சர் இருக்குன்னு கேப்பாங்க, ஆனா காலி பக்கத்தை அடுத்த வருஷம் பாக்கறப்ப பூ இல்லையா, இல்ல நாமதான் பாக்கலையான்னு தெரியாதே.

பறவைக்கு, காலைல பதினஞ்சு நிமிஷம் ஒரே இடத்துல உக்காந்து பாத்தது கேட்டது எல்லாத்தையும் எண்ணி இ-பேர்ட்ங்கற பறவைப் பட்டியல் வெப்சைட்டுல ஏத்தலாம். காக்கா மைனாவ விட்டுடக் கூடாது, அது குறையறதும் கூடறதும்கூட செய்திதான். பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015ல இருந்து நடக்குது, அதுக்கும் இதே பதினஞ்சு நிமிஷம்தான், வீட்டு வாசல்லயே செய்யலாம், உங்க பொண்ணுக்கு நல்ல தொடக்கமா இருக்கும். உங்க மாதிரி வறக்காட்டுல இருந்து வர்ற பட்டியல் கம்மி, எல்லாரும் ஏரிக்கும் சரணாலயத்துக்கும்தான் போறாங்க. சத்தத்தை வெச்சுப் பேர் சொல்ற மெர்லின் ஆப் இருக்கு, உபயோகிங்க, ஆனா அது சொல்றத அப்படியே எழுத விடாதீங்க, கண்ணால பாத்துட்டு எழுதட்டும். ஆப் எதுல ஏத்தினாலும் நோட்டு தனியா இருக்கட்டும், எங்க ஊர்ல அடைமழை நாள்ல நெட்டே இருக்காது, அந்த நாள்லதான் எழுத வேண்டியதெல்லாம் நடக்கும்.

எங்க பக்கம் பசங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வருவாங்க, முன்னாடி பாத்து இப்ப பாக்காதது என்னன்னு. நீங்களும் அந்த ஊர்ப் பெரியவங்ககிட்ட பொண்ண விட்டுக் கேளுங்க, அதுக்கு நோட்டுல பின்பக்கத்துல இருந்து எழுதிட்டு வரட்டும்.


பூச்சிப்பிரியை:

டீச்சர் சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன், ராத்திரி வாசல் லைட்டு. ஐப்பசி மழைல வெள்ளை எல்இடி போட்டா சுவர் பூரா அந்துப்பூச்சி வந்து ஒட்டும், பாக்க ஆசையாத்தான் இருக்கும், வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் போட்டுப் பாத்துட்டு அணைச்சுருங்க, விடிய விடிய எரிஞ்சா அதுங்க அங்கயே சுத்திச் செத்துரும். மின்மினி உங்க வேலில வருதான்னு தெரியணும்னாலும் லைட்ட அணைச்சாத்தான் தெரியும், அதுங்க ஒன்ன ஒன்னு தேடறதே அதுங்களோட மினுக்கு வெளிச்சத்த வெச்சுத்தான். பட்டுப்பூச்சிய எண்ணெய்க்குன்னு காசு குடுத்து வாங்கறவங்க மழைக்கு அப்பறம் ஊருக்குள்ள வருவாங்க, பசங்கள விட்டுப் பொறுக்கிக் குடுக்காதீங்க. வருசத்துல ரொம்பக் கொஞ்ச நேரம்தான் அது வெளிய வர்றதே, ஈசல் தின்னுட்டு முட்டை வெச்சுட்டு மண்ணுக்குள்ள போயிரும், அந்த நேரத்துல பொறுக்கிட்டா அடுத்த தலைமுறையே இல்ல.


களத்துமேடு:

எல்லாரும் நல்லதாச் சொல்லிட்டாங்க, நான் பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க, பொண்ணு வேலியோரம் போகப் போகுதுன்னா பாம்பப் பத்திச் சொல்லாம விடக் கூடாது. சருகு, வேலி, கல்லுக்குமி, இது மூனும் கண்ணாடிவிரியனுக்கும் புடிச்ச எடம். அது குட்டி போடற ஜாதி, ஒரு ஈத்துல இருவது முப்பது போடும், ஆனி ஆடிலதான் குட்டிங்க அதிகம் தென்படும், குட்டிக்கும் வெசம் உண்டு. பனிக்காலத்துல இணை சேர்றதுக்குன்னு பெருசுக திரியும். அதனால பொழுது சாஞ்சா டார்ச்சும் மூடுன செருப்பும் இல்லாம வேலிக்குப் போகக் கூடாது, சருகுல கையவே வைக்கக் கூடாது, குச்சியாலதான் பொரட்டணும். குக்கர் விசில் மாதிரிச் சீறுச்சுன்னா நின்ன எடத்துல இருந்து பின்னால வந்துரணும், அடிக்கப் போகக் கூடாது. கடிச்சுருச்சுன்னா கட்டவும் வேண்டாம் கீறவும் வேண்டாம், ஆட்டாம அசைக்காம வெசமுறிவு ஊசி இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேராப் போகணும், எந்த ஆஸ்பத்திரில எப்பவும் ஊசி இருக்குதுன்னு இப்பவே விசாரிச்சு நம்பர நோட்டோட மொத அட்டைல எழுதி வெச்சுருங்க.

ரெண்டு சாரை பின்னிக்கிட்டு எந்திரிச்சு நின்னா ஜோடி சேருதுன்னு துணி போடுவாங்க, அது ரெண்டு ஆண்ங்க பலம் பாக்கறதுங்க, தூர நின்னு பாக்கலாம், ஒன்னும் பண்ணாது. எலியத் திங்கறதுக்கு அது ஒன்னு இருந்தாப் போதும், கொள்ளுப் போரடிச்ச களத்துக்கு அதவிடக் காவல் வேற இல்ல.


கிளுவைவேலி:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரரு இத முழுசாப் படிச்சாரு, கம்பி வேலிக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு, கோடை மழைக்குப் போத்து நடறதுன்னு முடிவு. மொட்டைப்பனை சாளைல இருந்து தூரந்தான், நிக்கட்டும். பொண்ணு வாரத்துல ஞாயித்துக்கிழமை காலைலன்னு மரம் பாக்க நாள் குறிச்சுட்டா, கிளுவைல கெழக்கு வேலிப் பக்கத்துல ரெண்டு கல்லு போட்டு அந்த அளவுக்குள்ளதான் பாப்பேன்னு சொல்றா.

களத்துமேடு அண்ணா, ஒரே ஒரு சந்தேகம்ங்க, போத்து வெட்டறதுக்கு எவ்ளோ தடிமன் இருக்கணும், வெட்டுன உடனே நடணுமா இல்ல நெழல்ல கொஞ்ச நாள் போட்டு வெச்சு நடணுமா?


களத்துமேடு:

கட்டைவெரல விடத் தடிமனா, உங்க இடுப்பு ஒசரத்துக்கு வெட்டுங்க. வெட்டுன உடனே நட்டீங்கன்னா பால் வடிஞ்சு வெட்டுவாய் அழுகிரும், நாலஞ்சு நாள் நெழல்ல போட்டு வாய் காஞ்ச பொறவு நடுங்க. கடப்பாரைல குழி போட்டு முழ ஆழத்துக்கு எறக்கி மண்ண நல்லா மிதிச்சு விடணும், அசையக் கூடாது. நெருக்கி நெருக்கி வைங்க. ஆடு துளிரக் கடிக்காம ஒரு வருசம் முள்ளு இருக்கட்டும்.